தமிழ் வழியே ஆங்கிலம்: மூணாறு மலைத் தோட்டங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கேரள அரசின் பொதுக்கல்வித் துறை, மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், சமக்ர சிக்‌ஷா கேரளா, இடுக்கி மாவட்ட ஊராட்சி, மூணாறு, தேவிகுளம், வட்டவடை, மறையூர், காந்தளூர், சின்னக்கானல், இடமலைக்குடி ஊராட்சிகள், தோட்ட நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள்.

முன்னுரை

மூணாற்றைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலையையும் ஏலத்தையும் காய்கறியையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெற்றோர்கள், இங்குள்ள பள்ளிகளில் படித்து முடித்தவர்கள், இங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். நர்சிங் படிக்கவும், வங்கியில் சேரவும், மூணாற்றுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி இயங்கும் விடுதிகளில் கூலிக்கு மேலான வேலையில் அமரவும் ஆங்கிலம் வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆங்கிலம் வாசித்தால் புரிய வேண்டும். நினைத்ததை எழுத உதவ வேண்டும். அதற்குப் பாடம் எங்கள் பிள்ளைகள் பேசும் தமிழிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சாசனத்தில் உள்ள எல்லாக் கோரிக்கைகளுக்கும் அடிப்படை இதுதான்.

2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்து போனஸையும் நியாயமான கூலியையும் கேட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளின் படிப்பும் அதற்குச் சற்றும் குறையாத உரிமை என்று சொல்லவே இன்று மீண்டும் வந்திருக்கிறோம்.

இன்றைய நிலை

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறக்கும் பிள்ளை ஐந்து வயதுவரை கேட்பதும் பேசுவதும் தமிழ். பள்ளிக்குள் நுழைந்ததும் ஆசிரியர் பேசுவது பெரும்பாலும் மலையாளம்; கையில் இருக்கும் புத்தகம் ஆங்கிலம். ஒரே நாளில் மூன்று மொழி, மூன்று எழுத்து. எந்த மொழியிலும் எழுத்து ஊன்றுமுன் அடுத்தது வந்து நிற்கிறது.

ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பித்தான் எங்களில் பலர் தமிழ்வழி வகுப்பிலிருந்து பிள்ளைகளை எடுத்தோம். தமிழ்வழி வகுப்புகள் இளைத்துப்போக அதுவும் ஒரு காரணம். அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளை கொழுந்துக்காட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் நடப்பது என்ன? மணிமணியான கையெழுத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால் விழிக்கிறது. சத்தமாக வாசிக்கும் பிள்ளை, வாசித்ததற்குப் பொருள் கேட்டால் மௌனமாகிறது. நோட்டில் இருக்கும் கட்டுரை மனப்பாடம். சொந்தமாக ஒரு வரி கேட்டால் இல்லை. பிள்ளைகளின் மூளையில் எந்தக் குறையும் இல்லை. கற்பிக்கும் முறைதான் அவர்களுக்குப் பொருந்தாமல் கிடக்கிறது.

நாங்கள் நிற்கும் அடிப்படை

வாசிப்பு என்பது இரண்டு திறன்களின் பெருக்குத்தொகை என்று 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்குவது. மற்றொன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது. பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். பேச்சு ஆங்கிலமே அறியாத பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட மட்டும் கற்பித்தால் நேர்வது இதுதான்.

கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் சொன்னது இதைவிட எங்களுக்கு நெருக்கமானது. ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற திறன் வேறு மொழிக்குப் போகும்போது கூடவே வரும். கதையின் போக்கை ஊகிப்பது, தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடுவது, சொல்லவந்ததை வரிசைப்படுத்துவது ஆகியவற்றை ஒருமுறை கற்றால் போதும். பேச்சு ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் கைவரலாம். பாடநூல் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றும் அவர் காட்டினார். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசாத வீடுகளின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய தேசிய எழுத்தறிவுக் குழுவின் 2006 அறிக்கையும், ஒலி-எழுத்துப் பயிற்சி தேவை, ஆனால் பேச்சுமொழி வளராமல் அது போதாது என்றே முடிவு சொன்னது.

தேயிலை நட்டவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நாற்றங்காலில் வேர் பிடித்த செடியைத்தான் மலைச்சரிவில் நடுகிறோம். எங்கள் பிள்ளைக்கு அந்த நாற்றங்கால் தமிழ்.

சட்டம் எங்கள் பக்கம்

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு சொல்கிறது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட எங்களைப் போன்றவர்களை நினைத்தே அந்த ஆண்டின் ஏழாவது திருத்தம் இப்பிரிவைச் சேர்த்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தந்தது. ஆகவே புதிதாக எந்த உரிமையையும் நாங்கள் கேட்கவில்லை. எழுதி வைத்தது வகுப்பறைக்குள் வர வேண்டும் என்கிறோம்.

கோரிக்கைகள்

1. முதல் எழுத்து தமிழாக இருக்கட்டும்.
வீட்டில் தமிழ் பேசும் ஒவ்வொரு பிள்ளையும் 1, 2ஆம் வகுப்புகளில் தமிழில் சரளமாக வாசிக்கவும் எழுதவும் கற்க வேண்டும். தமிழ்வழி, ஆங்கிலவழி, மலையாளவழி என எந்த வகுப்பில் சேர்ந்தாலும் இது பொருந்த வேண்டும். நாள்தோறும் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். தமிழ்வழி வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதை மூடக்கூடாது.

2. ஆங்கிலம் முதலில் காதுக்கும் வாய்க்கும்.
முதல் வகுப்பில் ஆங்கிலம் பாட்டாக, கதையாக, விளையாட்டுக் கட்டளையாக, பொருளைக் காட்டிக் கேட்கும் கேள்வியாக வரட்டும். முதல் அரையாண்டில் ஆங்கிலத்தைப் பார்த்தெழுதும் வீட்டுப்பாடம் வேண்டாம். வாயில் புழங்காத சொல்லைக் கையால் எழுதவைப்பது ஓவியப் பயிற்சியாகத்தான் முடியும். சமக்ர சிக்‌ஷாவின் ‘ஹலோ இங்கிலிஷ்’ போன்ற திட்டங்கள் பேச்சுக்கு முதலிடம் தருகின்றன. அவை எங்கள் மலைப்பள்ளிகளுக்கு வரும்போது தமிழ் விளக்கத்தோடு வர வேண்டும்.

3. தமிழ்ப் பிள்ளைக்கென ஒலி-எழுத்து வழிகாட்டி ஒன்று வேண்டும்.
இதை நாங்கள் அழுத்திக் கேட்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. தமிழ்ப் பிள்ளை பழகிய எழுத்துமுறையில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. ‘பல்’ என்பதில் வரும் பகரமும் ‘கம்பு’ என்பதில் வரும் பகரமும் வெவ்வேறு ஒலிகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. குப்பைத் தொட்டிக்கான ஆங்கிலச் சொல்லையும் குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பின்’தான். பூனையும் வாயிற்கதவும் ‘கேட்’தான். மலையாள எழுத்தில் இந்த ஒலி இணைகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால் மலையாளம் படித்த பிள்ளைக்கு இந்த இடர் குறைவு. மலையாளப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய ஆசிரியர் கையேடு எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஒரு கையேடு தயாரிக்க வேண்டும். அதில் நான்கு செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஒன்று, எழுத்தின் பெயருக்கு முன் எழுத்தின் ஒலி. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே இல்லை. இரண்டு, தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலி இணைகளைக் காதால் பிரித்தறியும் பயிற்சி. மூன்று, தமிழ்ச் சொல்லின் முதலில் வராத மெய்க்கூட்டுகள். பிள்ளை ‘இஸ்கூல்’ என்று சொல்வதைத் தவறென்று அதட்டாமல், ஏன் அப்படி வருகிறது என்று ஆசிரியர் அறிந்து திருத்த வேண்டும். நான்கு, ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதி வாசிக்கும் பழக்கத்திலிருந்து பிள்ளையைப் படிப்படியாக விடுவிக்கும் வழி. தேர்வுக்கு முன்னிரவில் பிள்ளைகள் கண்டுபிடித்த ஊன்றுகோல் அது. ‘பின்’னும் ‘பின்’னும் ஒன்றாகிவிடும் இடத்தில் அது கைவிட்டுவிடும்.

4. வகுப்பில் தமிழுக்கு அனுமதி வேண்டும்.
ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் வாசிப்பதும் எழுதுவதும் முறையான கற்பித்தலே. தமிழ் பேசியதற்காக அபராதம், தண்டனை, ஏளனம் எதுவும் எந்தப் பள்ளியிலும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வாசிக்குமுன் அறிய வேண்டிய சொற்களைப் படத்தோடும் தமிழ்ப் பொருளோடும் தரும் சொற்பட்டியல் வேண்டும். அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

5. எழுத்துப் பயிற்சி பிள்ளையின் வாழ்விலிருந்து தொடங்கட்டும்.
நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், அந்தப் பிள்ளைகள் தாமே கேட்ட சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். 1963இல் வந்த அவருடைய புத்தகம் பல நாட்டு ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. நம் பக்கத்திலேயே என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் நடத்திய திட்டம், இலக்கண விதியை ஒப்பிக்கவைக்காமல் ரயில் நேர அட்டவணையும் வரைபடமும் கொடுத்துப் பிள்ளைகளைச் சிந்திக்கவைத்து ஆங்கிலம் கற்பித்தது. செயல்வழி மொழிக் கற்பித்தல் என்று உலகம் இன்று கொண்டாடும் முறைக்குத் தென்னிந்தியப் பள்ளி வகுப்பறைகள் வழிகாட்டியிருக்கின்றன.

எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்ய ஆயிரம் பொருள் உண்டு. கொழுந்து எடைச் சீட்டு, உடுமலைப்பேட்டைக்கும் போடிக்கும் போகும் பஸ் நேரம், வட்டவடைப் பூண்டு வயல், இரவிகுளத்து வரையாடு, மழைக்காலச் சாலை. பிள்ளை தமிழில் சொல்ல, ஆசிரியர் உடன் இருந்து எளிய ஆங்கிலத்தில் எழுத, அதைப் பிள்ளையே வாசிக்க, பிறகு தானே எழுத என்ற இந்த வரிசை வாரம் இரண்டு முறையாவது நடக்க வேண்டும். 3ஆம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு பத்தியைச் சொந்தமாக எழுத வேண்டும். முதல் வரைவில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் முதலில் கருத்தைப் பாராட்டி, அடுத்த வரைவில் பிழை திருத்த வேண்டும். கட்டுரையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும்.

6. கையில் புத்தகம் வேண்டும்.
தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள கதைப் புத்தகங்கள் ஒவ்வொரு எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளிக்கும் வேண்டும். துளிகா போன்ற பதிப்பகங்கள் இருமொழிப் படக்கதைகள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுத் தருவது அரசுக்குப் பெருஞ்செலவில்லை. தமிழ்வழிப் பாடநூல்கள் மலையாளவழி நூல்கள் வரும் அதே நாளில் எங்கள் பள்ளிகளுக்கும் வந்து சேர வேண்டும்.

7. பிள்ளையின் மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும்.
தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணியிடங்களை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) வழியே தாமதமின்றி நிரப்ப வேண்டும். அதுவரை தினக்கூலிக்கு அமர்த்தப்படுவோருக்கும் தமிழ் வாசிக்க எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தொடுபுழையில் உள்ள மாவட்டக் கல்விப் பயிற்சி நிறுவனம், மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சி மூணாற்றிலேயே நடக்க வேண்டும். தமிழ் அறியாத ஆசிரியர்களை நாங்கள் வெறுக்கவில்லை. மழையிலும் பனியிலும் மலையேறி வருகிறவர்கள் அவர்கள். அடிப்படைப் பேச்சுத்தமிழ் கற்க அவர்களுக்கு அரசு வசதி செய்து தரட்டும்.

இதற்குக் கேரளத்திலேயே முன்மாதிரி உண்டு. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமூகத்திலிருந்தே வழிகாட்டி ஆசிரியரை நியமித்தது ‘கோத்ரபந்து’ திட்டம். எர்ணாகுளம் மாவட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, அவர்கள் தாய்மொழி தெரிந்தவர்களை வகுப்பில் நிறுத்தி 2017இல் தொடங்கியது ‘ரோஷ்ணி’ திட்டம். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைக்கு இந்த நியாயம் செய்யத் தெரிந்த அரசு, தலைமுறை தலைமுறையாக இங்கே உழைக்கும் எங்கள் பிள்ளைக்கும் செய்யட்டும். தோட்டங்களில் பட்டம் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்து, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மொழித் துணை ஆசிரியரைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும்.

8. மலையாளத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வேண்டும்.
மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் வந்தது. நாங்கள் மலையாளத்துக்கு எதிரானவர்கள் இல்லை. வாழும் மண்ணின் மொழி அது, எங்கள் பிள்ளைகள் அதை நன்றாகவே கற்க வேண்டும். ஆனால் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைக்கான புத்தகத்தைத் தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்து, அதே வேகத்தில் ஓடச் சொல்வது நியாயமில்லை. பேச்சில் தொடங்கிப் படிப்படியாக எழுத்துக்குச் செல்லும் தனிப் பாடநூல் வேண்டும். மலையாள எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே பருவத்தில் தொடங்கக்கூடாது.

9. முத்துவான் பிள்ளைகளின் மொழிக்கு இடம் வேண்டும்.
2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியிலும் மற்றக் குடியிருப்புகளிலும் வாழும் முத்துவான் பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. எங்களுக்குக் கேட்பதை அவர்களுக்கும் கேட்கிறோம். அவர்கள் மொழியில் கதையும் பேச்சும், அதிலிருந்து எழுத்துக்கு ஒரு பாலமும் அமைய வேண்டும்.

10. தேர்வு பிள்ளையின் உண்மை நிலையைக் காட்ட வேண்டும்.
ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுத்துக்கூட்ட முடியவில்லையா, பொருள் எட்டவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. பின்தங்கியவர்களுக்குப் பள்ளி நேரத்திலேயே சிறு குழுவாகக் கூடுதல் பயிற்சி வேண்டும். முடிவுகளைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். பெற்றோர்-ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டங்களும் தமிழில் நடக்க வேண்டும்.

11. தோட்ட நிர்வாகங்கள் தங்கள் பங்கைச் செய்யட்டும்.
6 முதல் 12 வயதுவரை 25 பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டங்களில் கல்வி வசதி செய்து தர நிர்வாகத்தைப் பணிக்கும் விதிகளை இயற்ற, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்தக் கடமை காலத்தோடு கரைந்துவிடக்கூடாது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் (டிவிஷன்) மாலையில் விளக்கோடும் புத்தகத்தோடும் ஒரு வாசிப்பறை வேண்டும். தாய்மார் கொழுந்து எடுக்கும் நேரத்தில் குழந்தைகள் இருக்கும் காப்பகங்களில் தமிழ்க் கதையும் பாட்டும் நாள்தோறும் ஒலிக்க வேண்டும். தொலைவான டிவிஷன்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு வண்டி வேண்டும்.

12. பாலக்காட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே உரிமை வேண்டும்.
சித்தூர் வட்டத்திலும் நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் எங்களுடையதுதான். இரு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே திட்டமாக இதை வகுக்க வேண்டும். தமிழ்த் துறை உள்ள சித்தூர் அரசுக் கல்லூரியும், கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் கையேட்டுப் பணியில் சேர்க்கப்பட வேண்டும்.

நாங்கள் ஏற்கும் பொறுப்பு

கேட்பதோடு நாங்கள் நின்றுவிட மாட்டோம். பிள்ளை வீட்டில் தமிழ் வாசிப்பதைக் கேட்க ஒவ்வொரு நாளும் நேரம் ஒதுக்குவோம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் உட்கார்ந்து கேட்கலாம், கதை சொல்லலாம். வாசிப்பறையை முறைவைத்துக் கவனிப்போம். மழையைத் தவிர வேறு காரணத்துக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க மாட்டோம். தமிழில் எழுத்தறிவு பெற்றால் ஆங்கிலம் தடைபடும் என்ற அச்சத்தை லயம் லயமாகப் பேசிக் களைவோம். தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தையின்போது பிள்ளைகளின் படிப்பையும் பேச்சுப் பொருளாக்க வேண்டும் என்று எங்கள் சங்கங்களிடமும் கேட்கிறோம்.

காலவரை

வரும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் மொழித் துணை ஆசிரியர் நியமனமும் முடிய வேண்டும். அதே கல்வியாண்டில் கையேடு தயாராகி, மூணாறு துணைக் கல்வி மாவட்டத்தின் எல்.பி. பள்ளிகளில் தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில், கையேடு தொடங்கியபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் தமிழில் சரளமாகவும் ஆங்கிலத்தில் புரிந்தும் வாசிக்கிறார்களா என்று பொதுமக்கள் முன்னிலையில் மதிப்பிட வேண்டும். இதைக் கண்காணிக்கப் பெற்றோர், ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர் அடங்கிய குழு அமைய வேண்டும். அதில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்களாக இருக்க வேண்டும்.

வேண்டுகோள்

கேரளம் எழுத்தறிவில் முன்னணி மாநிலம் என்று நாடு பாராட்டுகிறது. அந்தப் பாராட்டில் எங்கள் உழைப்பும் உண்டு. எங்கள் பிள்ளைகளும் அதில் சேர வேண்டும். பெற்றோர்களே, இந்தச் சாசனத்தை உங்கள் லயத்தில் வாசித்துக் காட்டுங்கள், சம்மதமானால் கையெழுத்திடுங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பறை அனுபவத்தை இதோடு சேருங்கள். அதிகாரிகளே, மூணாற்றுக்கு வந்து ஏதேனும் ஒரு வகுப்பில் பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். பிறகு இந்தச் சாசனத்துக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.